மறுதலை எளிது

புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கிராஃப் தியரிப் புத்தகங்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் வரி ஒன்று உண்டு: 'மறுதலை எளிது, வாசகருக்குப் பயிற்சியாக விடப்படுகிறது.' மறுதலை என்றால் தேற்றத்தைத் திருப்பிப் போட்டது: 'இது இருந்தால் அது' என்பதற்கு 'அது இருந்தால் இது'. கல்லூரியில் படிக்கிறவர்களை இந்த வரி ஒன்றும் செய்யாது. கை தூக்கிக் கேட்கலாம். பக்கத்து பெஞ்சுக்காரனின் நோட்டை எட்டிப் பார்க்கலாம். எதுவும் இல்லையென்றால், பரீட்சைக்கு வராது என்று சொல்லித் தாண்டிப் போகலாம். பி.காம். படித்துவிட்டு, நாற்பதைத் தாண்டிய வயதில், பகலெல்லாம் ஒரு நூற்பாலையின் ஜி.எஸ்.டி. கணக்கோடு மாரடித்துவிட்டு, இரவில் சாப்பாட்டு மேசையைத் துடைத்து அதில் புத்தகத்தை விரிக்கிற எனக்கு அந்த வரியில் எல்லாம் நின்றுவிடும். எளிது என்றால் யாருக்கு எளிது? இரண்டு வரியில் முடிகிற எளிதா, இரண்டு வாரம் இழுக்கிற எளிதா? புத்தகம் அதற்குள் அடுத்த தேற்றத்துக்குப் போயிருக்கும்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் இரண்டு அபிப்பிராயங்கள். ஒன்று, கல்லூரியில் கணிதம் சொல்லித்தரும் நண்பர் சொன்னது: "சங்கீதம் மாதிரிதாங்க, குரு இல்லாம கணக்கு வராது." இன்னொன்று, இணையத்தில் எங்கே பார்த்தாலும் கிடைப்பது: கிராஃப் தியரிக்கும், எத்தனை வழி என்று எண்ணும் கணிதமான காம்பினடோரிக்ஸுக்கும் முன்னறிவு எதுவும் தேவையில்லை, பிளஸ் டூ கணக்கு போதும், யார் வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம். முதல் கருத்தோடு எனக்குச் சண்டை உண்டு. ஆனால் அதிகம் எரிச்சலூட்டுவது இரண்டாவதுதான், ஏனென்றால் அது பொய் இல்லை. வகையீட்டுச் சமன்பாடு புரியவில்லையென்றால் எனக்கு என்ன தெரியாது என்பதாவது தெரியும். போய் நுண்கணிதம் படித்துவிட்டு வரலாம். இங்கே கேள்வியில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் புரியும். ஆனாலும் ஓர் அடி நகர முடியாது. எதைப் படித்துவிட்டு வருவது என்றும் யாரும் சொல்ல முடியாது.

ராம்சே எண்களைப் பாருங்கள். ஆறு பேர் இருக்கும் ஓர் அறையில், ஒருவரையொருவர் அறிந்த மூவரோ, ஒருவரையொருவர் அறியாத மூவரோ கட்டாயம் இருப்பார்கள். ஒருவரைத் தனியே எடுத்தால் மற்ற ஐவரில் குறைந்தது மூவரோடு அவருக்கு ஒரே வகை உறவு; அறிந்தவர் என்றே வைப்போம். அந்த மூவரில் எந்த இருவர் அறிந்திருந்தாலும் நமக்கு ஒரு மூவர் கிடைத்துவிட்டார்கள். யாரும் யாரையும் அறியாவிட்டால் அந்த மூவரே விடை. டீ ஆறுவதற்குள் முடிகிற நிரூபணம். மூவர் என்பதை நால்வர் என்று மாற்றினால் 18 பேர் வேண்டும். ஐவர் என்று மாற்றினால்? 43-க்கும் 46-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது விடை. சரியான எண் இன்றுவரை உலகத்தில் யாருக்கும் தெரியாது. 43 பேருக்கு 903 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு வாய்ப்பு என்றால் 2-இன் 903-ஆம் அடுக்கு. கேள்வியைக் கேட்கும்போது ஒரு குழந்தைக்கும் புரியும். 'முன்னறிவு தேவையில்லை' என்பதன் முழு அர்த்தம் இதுதான்.

ஏழு பாலம், பாதி நிரூபணம்

கோனிக்ஸ்பர்க் பாலங்களின் கதையை இங்கே மறுபடி சொல்லப் போவதில்லை. பிரேகல் ஆறு, நான்கு நிலப்பகுதி, ஏழு பாலம், எந்தப் பாலத்தையும் இரண்டு முறை கடக்காமல் எல்லாவற்றையும் கடக்க முடியுமா என்ற கேள்வி. விடை சொன்னவர் பதினெட்டாம் நூற்றாண்டுக் கணிதர் ஆய்லர். நிலத்தைப் புள்ளியாகவும் பாலத்தைக் கோடாகவும் போட்டால் புள்ளிகளின் படிகள் (ஒரு புள்ளியில் சேரும் கோடுகளின் எண்ணிக்கை) 5, 3, 3, 3. வழியில் கடந்துபோகும் ஒரு புள்ளிக்குள் ஒரு கோட்டில் நுழைந்தால் இன்னொரு கோட்டில் வெளியேற வேண்டும். கோடுகள் ஜோடி ஜோடியாகத் தீரும். எனவே ஒற்றைப்படை படி தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே இருக்கலாம். இங்கே நான்கும் ஒற்றை. முடியாது. இந்தப் பாதியைப் படித்த அன்றே யாருக்காவது சொல்லத் தோன்றியது. அவ்வளவு சுத்தமான வாதம்.

மறுபாதியில்தான் மாட்டிக்கொண்டேன். கிராஃப் ஒரே துண்டாக இருந்து, எல்லாப் புள்ளிகளின் படியும் இரட்டையாக இருந்தால், ஒவ்வொரு கோட்டிலும் ஒரே ஒரு முறை நடந்து, கிளம்பிய இடத்துக்கே திரும்பும் ஒரு சுற்று *கட்டாயம்* உண்டு. ஒன்று முடியாது என்று காட்டத் தடையைக் காட்டினால் போதும். தடை இல்லை என்பதாலேயே முடியும் என்று ஆகிவிடுமா? மேல் வீட்டுப் பையன் பொறியியல் இரண்டாம் ஆண்டு, டிஸ்க்ரீட் மேத்ஸ் முடித்தவன். படிக்கட்டில் மடக்கிக் கேட்டேன்.

"அங்கிள், அது ஸ்டேட்மென்ட் மட்டும் ரெண்டு மார்க். ப்ரூஃப் கேட்க மாட்டாங்க."

"சரிப்பா, ஆனா ஏன் அப்படி?"

"ஆய்லர் சொல்லிட்டாரு இல்ல அங்கிள்?"

நல்ல பையன், கேட்டதற்கு உண்மையான பதில் சொன்னான். அந்த பதில் தப்பு என்று தெரிய எனக்குக் கொஞ்ச காலம் ஆனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தீர்வு வந்தது ஒரு சின்னப் படத்திலிருந்து. இரண்டு முக்கோணங்கள், ஒரு முனையில் மட்டும் ஒட்டியவை. பொதுப் புள்ளி அ. ஒரு முக்கோணம் அ, ஆ, இ. இன்னொன்று அ, ஈ, உ. அ-வின் படி 4, மற்றவற்றின் படி 2. ஆ-வில் கிளம்பி, யோசிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு நடந்தால் என்ன ஆகும்? ஆ-விலிருந்து அ, அங்கிருந்து இ, அங்கிருந்து மறுபடி ஆ. நின்றுவிட்டேன், ஆ-வில் இனிக் கோடு இல்லை, ஈ, உ பக்கம் மூன்று கோடுகள் தொடப்படாமல் கிடக்கின்றன. தோற்றுப்போன நடை. ஆனால் பென்சில் நின்ற இடம் கிளம்பிய இடம். வேறு எங்காவது மாட்டிக்கொண்டிருக்க முடியுமா என்று அப்போதுதான் கேட்டுப் பார்த்தேன். முடியாது. வேறு எந்தப் புள்ளிக்குள் நுழையும்போதும் அங்கே மிச்சமிருக்கும் கோடுகள் இரட்டைப்படை. நுழைய ஒன்று செலவானால் மிச்சம் ஒற்றைப்படை. ஒற்றைப்படை பூஜ்யமாக இருக்க முடியாது. வெளியேற வழி நிச்சயம். ஆகவே எவ்வளவு குருட்டுத்தனமாக நடந்தாலும் கிளம்பிய இடத்தில்தான் மாட்டிக்கொள்வோம்.

அதற்குப் பிறகு எல்லாம் கைக்கு வந்துவிட்டது. நடந்த சுற்றை அழித்துவிட்டால் ஒவ்வொரு புள்ளியிலும் குறைவது இரட்டைப்படை எண்ணிக்கை. எனவே மிச்சப் படத்திலும் எல்லாப் படியும் இரட்டைதான். நடந்த பாதையிலேயே இன்னும் கோடு மிச்சமிருக்கும் ஒரு புள்ளியைப் பிடித்து (இங்கே அ), அங்கிருந்து புதிதாக நடந்தால் அதுவும் அ-வுக்கே திரும்பும். பழைய சுற்றில் அ வரும் இடத்தில் இதைச் செருகிவிடலாம்: ஆ, அ, ஈ, உ, அ, இ, ஆ. முடிந்தது. நடந்த பாதையில் அப்படி ஒரு புள்ளி இருந்தே தீருமா? தீரும், ஏனென்றால் படம் ஒரே துண்டு. மிச்சக் கோடுகள் பாதையை எங்கேயும் தொடாமல் இருந்தால் படம் இரண்டாகப் பிரிந்திருக்க வேண்டும். தேற்றத்தில் சம்பிரதாயத்துக்குச் சேர்த்ததுபோல் தெரிந்த அந்த 'ஒரே துண்டு' என்ற நிபந்தனைக்கு நிரூபணம் முழுக்க இந்த ஓர் இடத்தில்தான் வேலை. அன்றிலிருந்து எந்தத் தேற்றத்தைப் படித்தாலும், ஒவ்வொரு நிபந்தனையும் எந்த வரியில் சம்பளம் வாங்குகிறது என்று தேடிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. எந்த வரியிலும் வாங்கவில்லையென்றால், ஒன்று அந்த நிபந்தனை தேவையில்லை, அல்லது எனக்குப் புரியவில்லை. பெரும்பாலும் இரண்டாவது.

இனி அந்தப் பையனின் பதில். ஆய்லர் பாலங்களைப் பற்றிய தம் கட்டுரையை 1735 ஆகஸ்டில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாடமியில் வாசித்தார். 1736-ஆம் ஆண்டு என்று தேதியிட்ட தொகுதியில் அது உண்மையில் அச்சாகி வந்தது 1741-இல். மொழிபெயர்ப்பு இலவசமாகவே கிடைக்கிறது, 21 பத்திகள்தான். புள்ளியும் கோடுமாக நாம் போடும் அந்தப் பிரபலமான படம் அதில் கிடையாது. எல்லாம் இரட்டையாக இருந்தால் சுற்று உண்டு என்று ஆய்லர் சொல்கிறார். ஏன் என்று நிறுவவில்லை. கடைசிப் பத்தியில், ஒரே இரு இடங்களை இணைக்கும் பாலங்களை ஜோடி ஜோடியாக மனத்தில் நீக்கிவிட்டால் வழியைக் கண்டுபிடிப்பது சுலபம், இதற்கு மேல் விவரிக்க வேண்டியதில்லை என்று முடித்துவிடுகிறார். அதாவது 'மறுதலை எளிது' என்ற வரியின் மூலப்பிரதி ஆய்லரிடமே இருக்கிறது! படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன்.

முழு நிரூபணம் அச்சில் வந்தது 1873-இல். எழுதியவர் பெயர் கார்ல் ஹியர்ஹோல்சர், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் கணிதம் சொல்லித்தந்தவர். எழுதியவர் என்பதும் முழுச் சரியில்லை. நண்பர்களிடம் வாயால் விளக்கியிருந்தார். தாளில் எழுதி வைக்குமுன் 1871-இல், 31 வயது நிறையாமலே இறந்துபோனார். சக ஆசிரியர் கிறிஸ்டியன் வீனர் கேட்டதை நினைவிலிருந்து எழுதி, அவர் பெயரிலேயே வெளியிட்டார். மூன்றே பக்கம். நான் மேசையில் பென்சிலோடு கண்டது போன்றதே அந்த வழி: மாட்டும்வரை நட, பிறகு செருகு. ஆய்லர் கட்டுரைக்கும் இதற்கும் இடையில் நூறாண்டுக்கும் மேல். மறுதலை எளிதுதான், மறுக்கவில்லை. ஆனால் எளிது என்று சொல்லித் தாண்டும்போது தாண்டிப் போவது ஓர் ஆளின் பெயர்.

ஆய்லர் 1736 ஏப்ரலில் டான்சிக் நகரத்தைச் சேர்ந்த ஏலருக்கு எழுதிய கடிதம் ஒன்றும் உண்டு. இந்தத் தீர்வுக்கும் கணிதத்துக்கும் பெரிய தொடர்பில்லை, வெறும் பகுத்தறிவை நம்பியது, இதை ஒரு கணிதரிடம் ஏன் எதிர்பார்க்கிறீர்கள் என்று அதில் கேட்கிறார். பி.காம். காரனுக்கு இதைவிடப் பெரிய அனுமதிச் சீட்டு யார் தருவார்கள்?

125 மரங்கள்

இரண்டாவதாக என்னை நிறுத்தி வைத்தது கணிதர் கேய்லியின் சூத்திரம். n புள்ளிகளுக்கு 1, 2, 3 என்று பெயரிட்டு, சுற்று எதுவும் வராமல் எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்தால் அது ஒரு மரம். அப்படி எத்தனை மரம்? n-இன் (n−2)-ஆம் அடுக்கு. நான்கு புள்ளிக்கு 16, ஐந்துக்கு 125, ஆறுக்கு 1,296. இப்படி அழகான விடை வந்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். மாத வரவு செலவில் எல்லாம் முழு நூறாக முடிந்தால் எந்தக் கணக்காளனும் வவுச்சரைத் திரும்ப எடுப்பான்.

நான்கு புள்ளியைக் கையால் போட்டுவிடலாம்: நடுவில் ஒன்று, சுற்றி மூன்று என்ற வடிவில் 4, நேர்வரிசையாக 12. ஐந்தைப் போடுவது கொஞ்சம் பொறுமை கேட்கும், ஆனால் வடிவங்கள் மூன்றே. நட்சத்திரம் 5. நேர்வரிசை 60 (ஐந்தை வரிசைப்படுத்த 120 வழி, முன்னிருந்தும் பின்னிருந்தும் படித்தால் ஒன்றே என்பதால் பாதி). கவட்டைக்குச்சி வடிவம்: கவடு பிரியும் புள்ளிக்கு 5, பிடியின் நடுப்புள்ளிக்கு 4, பிடியின் நுனிக்கு 3, ஆக 60. கூட்டினால் 125. கணக்கு பொருந்தியது, ஆனால் ஏன் என்பது தெரியவில்லை. 1889-இல் கேய்லி எழுதிய கட்டுரையைப் பற்றிப் படித்தபோது மறுபடி அதே கதை: ஆறு புள்ளிகளுக்குக் காட்டிவிட்டு, இந்த நிரூபணம் எந்த n-க்கும் பொருந்துவது தெரிந்ததே என்கிறார்.

ஏன் என்பதை 1918-இல் ஹைன்ஸ் ப்ரூஃபர் சொன்ன வழியில்தான் பார்த்தேன். மரத்தில் ஒரே ஒரு கோடு மட்டும் உள்ள புள்ளி இலை. இருக்கும் இலைகளில் சிறிய எண்ணுள்ளதைக் கிள்ளி எறி. அது ஒட்டியிருந்த புள்ளியின் எண்ணை எழுதி வை. இரண்டு புள்ளி மிஞ்சும்வரை இதையே செய். உதாரணத்துக்கு 1–3, 3–4, 4–2, 4–5 என்ற மரம். இலைகள் 1, 2, 5. ஒன்றைக் கிள்ளினால் எழுதுவது 3. இப்போது 3-உம் இலையாகிவிட்டது. சிறியது 2, கிள்ளினால் எழுதுவது 4. அடுத்துச் சிறியது 3, கிள்ளினால் மறுபடி 4. மிஞ்சியது 4–5. ஆக இந்த மரத்தின் குறியீடு 3, 4, 4. குறியீட்டில் ஒரு எண் எத்தனை முறை வருகிறதோ அதோடு ஒன்றைக் கூட்டினால் அந்தப் புள்ளியின் படி: 3-க்கு இரண்டு, 4-க்கு மூன்று, வராத 1, 2, 5 எல்லாம் இலைகள். எனவே குறியீட்டை மட்டும் கொடுத்தாலும் திரும்பப் போகலாம். வராத எண்களில் சிறியது 1, அதை முதல் எண்ணான 3-ஓடு இணை. அதற்குமேல் தேவைப்படாதவற்றில் சிறியது 2, அதை 4-ஓடு. அடுத்து 3, அதையும் 4-ஓடு. மிஞ்சிய இரண்டையும் இணை. அதே மரம் வந்து நிற்கும். ஐந்து புள்ளிக்கு மூன்று இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் ஐந்தில் எதுவும் வரலாம்: 5 × 5 × 5. அவ்வளவுதான் சூத்திரம். மரத்தை எண்ணவே வேண்டாம், பூட்டு எண்ணை எண்ணினால் போதும்.

குரு இல்லாமல் வராது என்ற நண்பருக்கு நான் சொல்வது இதுதான். குரு செய்யும் வேலைகளில் ஒன்று, தப்பு என்று சொல்வது. அந்த ஒரு வேலையை இந்தத் துறையில் சின்ன எண்களே செய்துவிடும். சூத்திரம் 125 என்றால் 125 படம் போட்டுப் பார்க்கலாம். 124 வந்தால் யாரோ எங்கோ தப்பு. வேறு எந்தக் கணிதத்தில் தனியாளுக்கு இந்த வசதி இருக்கிறது? குருவின் இன்னொரு வேலை, அடுத்து எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று காட்டுவது. அதற்கு மாற்று இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நண்பர் பாதி ஜெயித்தார்.

காணொளிப் பாடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. என்.பி.டி.இ.எல்.-இல் ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் விரிவுரைகள் இலவசமாக இருக்கின்றன, தரமானவை. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால் தலை தானாக ஆடும். தலையாட்டுவதன் ஆபத்துக்குப் பெரிய சாட்சி, எந்த வரைபடத்திலும் ஒட்டியிருக்கும் பகுதிகளுக்கு வெவ்வேறு நிறம் தர நான்கு நிறம் போதும் என்கிற நான்கு வண்ணத் தேற்றம். 1879-இல் கெம்பே ஒரு நிரூபணம் வெளியிட்டார். துறையில் இருந்தவர்களே ஏற்றுக்கொண்டார்கள். 1890-இல் ஹீவுட் ஓட்டையைக் காட்டும்வரை பதினோரு ஆண்டு அது நிரூபணமாகவே வாழ்ந்தது. பிறகு 1976-இல் அப்பெலும் ஹாக்கனும் கணினி வைத்துத்தான் முடித்தார்கள், அதுவும் கெம்பேயின் கருத்துகளையே எடுத்து வளர்த்து. கெம்பேயின் வாதத்தை முதலில் சரியென்று நம்பிப் படித்து, பிறகு ஓட்டையைத் தேடுங்கள். எந்தப் புத்தகப் பயிற்சியையும்விட அது அதிகம் கற்றுத்தரும்.

சித்தி கேட்ட கேள்வி

மார்கழியில் பொள்ளாச்சியில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். புள்ளிகளைச் சுற்றி வளைந்தோடும் கம்பி, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவில் தன்னைத்தானே வெட்டும். வெட்டும் இடமெல்லாம் நான்கு கோடு சந்திக்கிறது, எல்லாம் இரட்டைப்படை. ஆகவே எந்தச் சிக்குக் கோலத்தையும் கை எடுக்காமல் போட முடியும் என்று ஆய்லரை இழுத்துச் சொன்னேன்.

"அப்படியா கண்ணு? மூணுக்கு மூணு வெச்சா மூணு கம்பி வருமே. நாலாவது வரிசை சேத்தாத்தான் ஒரே கம்பியா ஓடும்."

சித்தி சொன்னதும் சரி, ஆய்லர் சொன்னதும் சரி. வெட்டும் இடத்தில் எந்தப் பக்கமும் திரும்பலாம் என்பது ஆய்லரின் விதி. கோலத்தில் திரும்பக் கூடாது. நேரே போக வேண்டும். அந்த ஒரு விதி கேள்வியையே மாற்றிவிடுகிறது. கோலத்தைக் கணிதமாகப் பார்ப்பது புதிதும் இல்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து கோலத்தின் இலக்கணம் பற்றி 1974-இலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது சித்தியின் கேள்வியை மட்டும்: m வரிசை, n நிரை புள்ளி வைத்தால் எத்தனை கம்பி?

பழைய பில் புத்தகத்தின் பின்பக்கங்களில் போட்டுப் பார்த்தேன். 2×3-க்கு ஒன்று, 2×4-க்கு இரண்டு, 3×3-க்கு மூன்று, 3×4-க்கு ஒன்று, 3×6-க்கு மூன்று. m, n இரண்டின் மீப்பெரு பொது வகுத்தி! காரணம் வந்தது கம்பியைச் சாய்கோடாக நீட்டிப் பார்த்தபோது. ஒவ்வொரு புள்ளியையும் நான்கு சிறு சாய்கோடுகள் சூழ்கின்றன. மொத்தம் 4mn துண்டு. கம்பி ஓரத்தில் முட்டித் திரும்பும் இடத்தில், திருப்புவதற்குப் பதிலாகக் கட்டத்தையே கண்ணாடி பிம்பமாக அந்தப் பக்கம் மடித்துப் போட்டால் கம்பி நேர்கோடாகப் போய்க்கொண்டே இருக்கும். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒரே நேரத்தில் சுற்று முடியும்போதுதான் அது தொடக்கத்துக்குத் திரும்பும். அதற்கு m, n-இன் மீச்சிறு பொது மடங்கைப் போல நான்கு மடங்கு துண்டுகள் வேண்டும். மூலையில் போய் எந்தக் கம்பியும் முட்டுவதில்லை என்பதால் ஒரே துண்டில் இரண்டு முறை ஓடுவதும் இல்லை. 3×3-இல் 36 துண்டு, ஒரு கம்பிக்கு 12, ஆக மூன்று கம்பி. 3×4-இல் 48 துண்டு, ஒரு கம்பிக்கே 48.

ஃபோனில் சித்தியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஒண்ணு மூணு அஞ்சு மூணு ஒண்ணுன்னு வெச்சா?" என்றார். ஓரம் படிக்கட்டாக இருப்பதால் அங்கே கண்ணாடி மடிப்பு செல்லாது. பில் புத்தகத்தில் இன்னும் பக்கம் இருக்கிறது, வரைந்துகொண்டிருக்கிறேன்.